பாண்டிமீனா காதில் விழுந்தது

காது கேட்காத பிள்ளைக்குக் காதுக்குள் கருவி வைக்கிற டாக்டருக்குச் சில மணி நேர வேலை. அதற்கப்புறம் அந்தப் பிள்ளைக்குக் கேட்கவும் பேசவும் கற்றுக்கொடுக்கிற எங்களுக்கு வருஷக்கணக்கில் தொண்டை வலி. விருதுநகரில் பேச்சுப் பயிற்சி டீச்சராக இருந்த என்னைப் போல, "ஆ... ஊ..." என்று கத்தியே அக்கம்பக்கத்தில் கெட்ட பெயர் வாங்கியவர்கள் இருந்தால், கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

அசையாத பிள்ளை

எம். புதுப்பட்டியிலிருந்து கருப்பசாமியும் சண்முகத்தாயும் மகளைக் கூட்டி வந்தார்கள். இருவருக்கும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. பாண்டிமீனாவுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. அதுவரைக்குமா பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று பெற்றவர்களுக்குத் தெரியாது? எனக்கு ஆத்திரம் வந்தது, கேட்டே விட்டேன். கருப்பசாமி நிதானமாகச் சொன்னார்: "எங்க ஊர்ல எந்தப் பிள்ளை டீச்சர் வெடிச் சத்தத்துக்கு முழிக்கும்? இவளும் பழகிட்டான்னுல்ல நெனச்சோம்."

மீதி மொட்டை

ஆபரேஷன் முடிந்தது. தையல் காயக்கூட இல்லை, இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போய்ப் பிள்ளைக்கு மொட்டை போடப் போகிறோம் என்று வந்து நிற்கிறார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காயத்தில் கத்தியும் படக்கூடாது, தண்ணீரும் படக்கூடாது என்று சத்தம் போட்டேன். அதுவரை என்னிடம் வாயே திறக்காத சண்முகத்தாய் மெதுவாகச் சொன்னாள்: "அந்தப் பக்கத்து முடிய டாக்டரே எடுத்துட்டாக டீச்சர். ஆத்தாளுக்கு மீதிதான்."

அப்பா வைத்த பரீட்சை

காயம் ஆறியதும், உள்ளே வைத்த கருவிக்குச் சத்தத்தை அனுப்புகிற வெளி மெஷினைக் காதில் மாட்டி ஓட விட்டோம். முதலில் சத்தத்தைக் குறைத்துத்தான் வைப்போம், போகப் போகக் கூட்டுவோம், எது என்ன சத்தம் என்று பிள்ளைக்குப் புரிய மாதங்கள் ஆகும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். கருப்பசாமி வீட்டுக்குப் போனதும் என்ன செய்தார் தெரியுமா? பிள்ளைக்குப் பின்னால் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டிருக்கிறார்! அவள் திரும்பவில்லை.

மறுநாள் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். வெடிச் சத்தத்தை மெஷினே அமுக்கிவிடும், அது பரீட்சையே இல்லை என்று வாங்கு வாங்கென்று வாங்கினேன். மனுஷன் அசையவில்லை. "சும்மா சமாதானம் சொல்லாதீக டீச்சர். நானே கட்டுன வெடி. அதுக்கே திரும்பலைன்னா வேற எதுக்குத் திரும்புவா?"

பேசாத அம்மா

குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, தலை சீவும்போது அம்மா வாய் ஓயாமல் பேச வேண்டும். எங்கள் தொழிலில் மருந்து, மாத்திரை எல்லாம் அதுதான். சண்முகத்தாய் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். மாதங்கள் ஓடின. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பிள்ளை திரும்பவில்லை. பேச்சு வருகிற வயசு கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம் வந்துவிட்டது.

அந்தப் பயத்தில்தான், "வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது. "வெடிமருந்து ரூம்ல பேச்சுக் குடுத்தா கை தவறிரும்னு போர்மேன் வைவாரு டீச்சர். பேசாம இருந்து இருந்து வீட்டுலயும் பேச்சு வர மாட்டேங்குது."

வேன் ஹாரன்

விடியற்காலையில் கம்பெனி வேன் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். பிள்ளை அந்தப் பக்கம் திரும்பி விளையாடும் நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு மதினியிடம் கண்ணைக் காட்டிவிட்டுச் சண்முகத்தாய் நழுவிவிடுவாள். காது கேட்காத பிள்ளையிடம் என்ன சொல்லிக்கொள்வது? ஒருநாள் ஹாரன் அடித்ததும் பாண்டிமீனா விளையாட்டை விட்டு ஓடி வந்து அம்மா சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாளாம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சண்முகத்தாயோ அழுகிறாள்: "இனிமே எப்படி டீச்சர் வேலைக்குப் போவேன்?"

"சொல்லிவிட்டுப் போ. தினமும் சொல்" என்றேன்.

பல வாரம் கழித்து ஒரு காலையில் காயின் போனிலிருந்து கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது. "அம்மா போயிட்டு வாரேன்னு தெனமும் சொன்னேன்ல டீச்சர்? இன்னைக்கு வாயத் தொறந்து 'வா'ன்னா! அப்படியே உக்காந்துட்டேன். வேன் போயிருச்சு டீச்சர், போகட்டும்!"

பிள்ளைக்கு வந்தது ஒரே ஒரு வார்த்தைதான், ஆனால் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்த சண்முகத்தாயின் பேச்சை நிறுத்துவதற்குத்தான் எங்கள் படிப்பில் ஒரு பயிற்சியும் இல்லை.