அக்காவுக்கு நாலு துளை, எனக்கு ஒரே வெட்டு

எனக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது குடல் ஏற்கெனவே அடைத்துப்போயிருந்தது. வயிறு வீங்கி, வாந்தி எடுத்தபடி ஹட்டனிலிருந்து அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்றைக்கே வயிற்றைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். தொப்புளுக்கு மேலே தொடங்கி அடிவயிறு வரை வெட்டு. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு இறுக்கிக்கொள்வேன். அப்படியும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

இரண்டு வருடம் கழித்து என் அக்காவுக்கும் அதே நோய். அவள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு மாடு வளர்க்கிறாள். நான் பட்டதைப் பார்த்திருந்ததால், வெளிக்குப் போகும்போது இரத்தம் கண்டதும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். சோதித்துப் பார்த்ததில் கட்டி சின்னதுதான். வயிற்றைத் திறக்காமல் துளை போட்டு, கமெரா விட்டே எடுத்துவிடலாம் என்றார் டொக்டர்.

ஒப்பரேஷனுக்கு மறுநாள், நோயாளரைப் பார்க்கவிடும் நேரத்தில், அனுபவஸ்தன் என்ற தோரணையோடு ஒரு தலையணையையும் தூக்கிக்கொண்டு போனேன். அக்கா ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா, அதுக்குள்ள எந்திரிச்சிட்டே?"

"காலையிலேயே நர்ஸ் நோனா நடக்க வச்சிட்டாங்க. நீ என்னடா, இங்க படுக்கவா வந்தே?"

நாலு சின்ன பிளாஸ்டர்கள். குடலை வெளியே எடுத்த இடத்தில் மட்டும் விரல் நீளத்துக்கு ஒரு தையல். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனாலும் மனசுக்குள் ஒரு சின்னப் பொறாமை இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வாரம் அவளைப் பார்க்கப் போனபோது, தலையில் புல்லுக்கட்டோடு மலைப் பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தாள். ஓடிப்போய் வாங்கினேன்.

"ஆறு வாரத்துக்குப் பாரம் தூக்கக் கூடாதுன்னாங்களே!"

"அது ஒன்னய மாதிரி கிழிச்சவங்களுக்குடா. எனக்கு நாலு ஓட்டதானே?"

அந்த வாரமே கிளினிக். எடுத்த துண்டைச் சோதித்த ரிப்போர்ட் வந்திருந்தது. நோய் வேறெங்கும் பரவவில்லை, மருந்து ஏற்றவும் தேவையில்லை என்றார் டொக்டர். அக்கா கண்களைத் துடைத்துக்கொண்டாள். அந்த நல்ல நேரம் பார்த்து நான் புல்லுக்கட்டு விஷயத்தை டொக்டரிடம் போட்டுக்கொடுத்தேன்.

டொக்டர் சிங்களவர், தமிழ் பேசுவார். ஒரு தாளில் குடலை வரைந்து, நடுவில் வெட்டி ஒட்டிய இடத்தைக் காட்டினார்.

"அம்மா, தம்பிக்குப் பெரிய வெட்டு, உங்களுக்குச் சின்னது. அதனால வலி குறைவு, சீக்கிரம் நடக்கிறீங்க. ஆனா உள்ளுக்கு ரெண்டு பேருக்கும் இதே வேலைதான் செஞ்சது. சின்னத் துளையிலயும் பாரம் தூக்கினா குடல் பிதுங்கும்."

"அப்ப எனக்கும் இவனுக்கும் ஒண்ணுதானா?" என்று கேட்டுவிட்டு, அக்கா என்னை ஒரு முறை முறைத்தாள்.

மிச்ச மூன்று வாரமும் நான்தான் புல் அறுத்தேன். அக்கா வாசலில் பிளேன்டீ கோப்பையோடு உட்கார்ந்து, எந்தப் புல் ஆகும், எது ஆகாது என்று சத்தம் போட்டுக்கொண்டிருப்பாள். அட்டை கடித்த காலோடு நான் திரும்பி வருவதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிப்பாள்.

ஆறாவது வாரம் முடிந்த மறுநாள் விடிந்ததும் என் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போதும்டா சாமி. ஒன்னால என் மாடு பாதியா எளச்சிருச்சு."