அப்பாவுக்குப் பொருந்தாத காடி

ஓர் ஆள் தனக்குப் பொருந்தாத சட்டையை வாங்கி வந்தால், அது வேறு யாருக்கோ என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். தனக்குப் பொருந்தாத காரை, எங்கள் பேச்சில் காடியை, தேடி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஈப்போ டவுனைச் சுற்றினால் என்ன நினைப்பது? எனக்கு அப்போது பதினொரு வயது. நான் நினைத்ததை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. அப்பா எங்களை விட்டுவிட்டு வேறு வீட்டுக்குப் போகப் போகிறார் என்று நினைத்தேன். சோறு இறங்காத அளவுக்கு நினைத்தேன்.

அப்பா நல்ல உயரம். தோட்டத்து லயத்திலும் சரி, பிறகு லகாட்டில் நாங்கள் குடிவந்த தாமான் குடியிருப்பு வீட்டிலும் சரி, குனிந்துதான் உள்ளே வருவார். பல வருடம் சிம்பாங் பூலாய்ப் பக்கம் கல்லுடைக்கும் மலையிலிருந்து கல் ஏற்றும் லோரி ஓட்டினார். அந்த வருடம் திடீரென்று லோரியை விட்டு இறங்கி, அதே இடத்தில் லோரிகளை எடை போடும் வேலைக்கு மாறிக்கொண்டார். கேட்டால் முதுகு வலி என்றார். முதுகு வலிக்கிற ஆள் முதுகைப் பிடித்து ஒருநாளும் நான் பார்த்ததில்லை. எடை போடும் இடத்தில் ஒரு கிராணி அக்கா கணக்கெழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டேன்.

காடி வாங்கலாம் என்று பேச்செடுத்ததும் அப்பாதான். அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளிலேயே மூன்று பேரும் எல்லா இடத்துக்கும் போய் வந்துகொண்டிருந்தோம்.

அம்மாவின் தம்பி, என் மாமா, டயர் கடையில் வேலை செய்தார். காடி விஷயத்தில் தன்னைக் கேட்காமல் பேரா மாநிலத்தில் யாரும் கதவைத் திறக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். அவரிடம் ஒரு பழைய ஜப்பான் காடி இருந்தது. அதில் ஏறினால் ஏர்கண்டிஷன் குளிரில் பல் அடித்துக்கொள்ளும். ஜன்னலைத் திறக்கச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

"மச்சான், லோக்கல் காடி பிஸ்கட் டின்னு. கதவ சாத்துனா டப்புனு சத்தம் வரும், கேட்டுப் பாரு. கண்ணாடிய இறக்குனா திரும்ப ஏறாது. ஜப்பான்லேர்ந்து வந்தது பழசானாலும் அது காடிலா!"

"உக்காந்து பாத்துட்டு சொல்றேன்" என்பார் அப்பா. அவ்வளவுதான் பதில்.

அம்மாவுக்கோ தம்பி மேலேயே சந்தேகம். காடிக்கடையில் அவனுக்கு ஏதோ கிடைக்கிறது, அதனால்தான் வெளிநாட்டுக் காடி வெளிநாட்டுக் காடி என்று குதிக்கிறான் என்று அடுப்படியில் முணுமுணுப்பார். மாமாவுக்குக் கடைக்காரர் மேல் சந்தேகம். கடைக்காரருக்கு அப்பா மேல் சந்தேகம்: இந்த ஆள் வாங்க வந்தவரா, வெயிலுக்கு ஒதுங்க வந்தவரா? இப்படி ஆளுக்கு ஒரு சந்தேகத்தோடு நாங்கள் கடைகடையாக ஏறி இறங்கினோம். என் சந்தேகத்தை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் போனது ஜப்பானிலிருந்து இறக்கிய காடிகள் நிற்கும் பெரிய கடை. அங்கே வெள்ளி நிறத்தில் ஒன்று நின்றது. அப்பா உள்ளே உட்கார்ந்தார். கால் நீட்ட இடம், தலைக்கு மேல் இடம், தோளுக்கு அணைப்பு. அவரை அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. மாமா வாயெல்லாம் பல்லாக நின்றார். சீனக் கடைக்காரரும் கையைத் தட்டினார்.

"அண்ணே, பாகுஸ்லா! ராஜா மாதிரி!"

அப்பா சிரித்தார். அப்புறம் சீட்டை முன்னால் தள்ளத் தொடங்கினார். தள்ளத் தள்ள அவர் முட்டி மடங்கி ஸ்டியரிங்கில் இடித்தது. இன்னும் தள்ளினார். கடைசி வரை தள்ளிவிட்டு, நண்டு மாதிரி வெளியே வந்து, கால்சட்டைப் பையிலிருந்து சிவப்பு ராபியா பிளாஸ்டிக் கயிறு ஒன்றை எடுத்தார். அதில் ஒரு முடிச்சு இருந்தது. ஒரு நுனியை சீட்டில் முதுகு சாயும் அடிப்பக்கத்தில் வைத்து, மறு நுனியைப் பிரேக் மிதிக்கும் இடத்துக்கு இழுத்தார். குனிந்து, கண்ணைச் சுருக்கி, முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார். முடிச்சைத் தாண்டிக் கயிறு போனது.

"சரியா வரலயே" என்றார்.

"மச்சான், உனக்கு அம்சமா இருக்குது!"

"சரியா வரல மாப்ள. போலாம்."

கடைக்காரர் மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். நான் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தடுத்த கடைகளிலும் இதே கதை. ஜப்பான் காடியோ லோக்கல் காடியோ, தனக்கு நன்றாக இருப்பதையெல்லாம் வேண்டாம் என்றார். டிரைவர் சீட்டைச் சோதித்த பிறகு பக்கத்து சீட்டுக்குப் போய் அதைக் கடைசி வரை பின்னால் தள்ளி, கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டு, "இங்க பரவால்ல" என்பார். காடி வாங்குகிற ஆள் ஓட்டுகிற சீட்டில் உட்காராமல் பக்கத்து சீட்டில் சாய்ந்து பார்த்தால், ஓட்டப்போவது யார்?

பள்ளியில் என் பக்கத்தில் உட்காருகிறவளின் அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது. அது தெரிவதற்கு முன்னால் என்னென்ன நடந்தது என்று அவள் எனக்கு வரிசையாகச் சொல்லியிருந்தாள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு தனியாக டவுனுக்குப் போவாராம். எங்கே என்று கேட்டால் எரிந்து விழுவாராம். என் அப்பாவும் சில நாள் லீவு போட்டு, கோடு போட்ட நல்ல சட்டையோடு, மோட்டாரை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் ஈப்போவுக்குப் போனார். திரும்பி வரும்போது கண் சிவந்து நீர் கோத்திருக்கும். அழுதிருக்கிறார், அந்தப் பொம்பளையோடு சண்டை என்று நானே முடிவு செய்தேன்.

அந்தக் கயிறு ஒருநாள் அழுக்குத் துணியில் கிடைத்தது. கால்சட்டைப் பையிலிருந்து எடுத்து ஒளித்துக்கொண்டேன். இந்த அளவுக்குக் கால் உள்ளவள் யாரோ, அவள்தான் அந்தப் பெண்.

சனிக்கிழமை மதியம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும் மாமாவோடு நானும் தொற்றிக்கொண்டேன். கிராணி அக்கா மேசைக்குப் பின்னால், ஒரு பெட்டி மேல் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு காற்றாடிக்கு முகம் காட்டி உட்கார்ந்திருந்தார். அப்பா வெளியே ஒரு லோரி டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு மேசைக்கு அடியில் புகுந்தேன். அக்காவின் இடுப்புப் பக்கம் நாற்காலியில் ஒரு நுனியை அழுத்தி, பாதம் வரை மெல்ல இழுத்தேன்.

"ஏய் பாப்பா, என்னா பண்ற கீழ? எலி கிலி இருக்குதா?"

"பென்சில் விழுந்துருச்சுக்கா."

"கயித்துல கட்டியா பென்சில் வச்சிருக்க? எனக்குப் பாவாட தைக்கப் போறியா?"

அக்கா சிரித்ததில் மேசை ஆடியது. அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். நான் கயிற்றைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டேன். முடிச்சு அக்காவின் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. அக்கா நெட்டை.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. கிராணி அக்கா என்றால் முகமாவது தெரியும். இப்போது எனக்கு முகம் தெரியாத ஒரு குட்டைப் பெண் அப்பாவின் பக்கத்தில் காடி ஓட்டிக்கொண்டு போனாள். கோயிலில், பசாரில், பஸ் நிற்கும் இடத்தில் குட்டையான பெண்களையெல்லாம் கால் பார்த்தேன். வீட்டில் இருந்த குட்டைப் பெண்ணை மட்டும் அளந்து பார்க்கத் தோன்றவில்லை. அம்மா அப்பாவின் நெஞ்சுக்குக்கூட வரமாட்டார். ஆனால் அம்மாவுக்கும் காடிக்கும் என்ன சம்பந்தம்? அம்மா சைக்கிள்கூட ஓட்டியதில்லை. மோட்டாரில் பின்னால் உட்கார்ந்தாலே முருகா முருகா என்று வருகிற ஆள்.

கயிறு காணாமல் போனதை அப்பா யாரிடமும் கேட்கவில்லை. மறுநாள் பையில் புதுக் கயிறு இருந்தது. அதில் சரியாக அதே இடத்தில் முடிச்சு. அப்படியானால் அவளைத் திரும்பப் பார்த்து அளந்திருக்கிறார். எப்போது? இரவு முழுக்க வீட்டில்தானே இருந்தார்?

கடைசியில் லோக்கல் காடி ஒன்றுதான் அமைந்தது. உயரமான சின்னப் பெட்டி மாதிரி, நீல நிறம். அப்பா உள்ளே நுழைந்தபோது மூன்றாக மடிந்தார். முட்டி ஸ்டியரிங்குக்கு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றது. சீட்டை முன்னால் தள்ளிவிட்டு இறங்கிக் கயிற்றை இழுத்தார். முடிச்சு பிரேக்கின் மேல் உட்கார்ந்தது.

"இதுதான்" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அந்த வருடத்தில் பார்க்கவில்லை.

"மச்சான், இதுக்கு நீ காலக் கழட்டி வீட்ல வச்சிட்டுத்தான் வரணும்" என்றார் மாமா. கடைக்காரரே சங்கடப்பட்டு, பெரியதாக வேறொன்று இருக்கிறது என்றார். அப்பா கேட்கவில்லை.

காடியை வீட்டுக்கு ஓட்டி வந்தது மாமாதான். சொந்தக் காடியை முதல்நாள் ஓட்டாத லோரி டிரைவரை லகாட்டில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அப்பா பக்கத்து சீட்டில் காலை நீட்டிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் மாமா கதவை, கண்ணாடியை, கியரைத் திட்டிக்கொண்டே ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து, அவள் வீடு எந்தத் திருப்பத்தில் வரும் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். காடி எங்கேயும் திரும்பவில்லை. நேரே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது.

அம்மா ஆரத்தித் தட்டோடு வெளியே வந்தார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நசுக்கி முன்னே எடுக்க மாமா சாவியைப் போடப் போனார்.

"நீ இறங்கு மாப்ள" என்றார் அப்பா. அம்மாவைப் பார்த்து, "நீ ஏறு."

"என்னாங்க இது, வெளையாடாதீங்க. தெருவே பாக்குது."

"பாக்கட்டும். ஏறு."

அம்மா ஏறினார். கால் பிரேக்கில் அழகாகப் போய் உட்கார்ந்தது. முதுகு சீட்டில் சாய்ந்தது. அப்பா ஜன்னல் வழியாகக் கையை விட்டு அம்மாவின் முட்டிக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று தடவிப் பார்த்தார். கயிற்றில் இருந்த முடிச்சு, அம்மா டிவி முன்னால் காலை நீட்டித் தூங்கிப்போகும் இரவுகளில் எடுத்த அளவு. அம்மா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அங்கேயே வாசலில் எனக்கு அழுகை வந்தது. இன்னொரு பெண் இல்லை. எல்லாரும் காடி வந்த சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். மாமா மட்டும், "லோக்கல் காடியப் பாத்து அழுவுது பாரு பிள்ள" என்றார்.

இனிப்பு நீர், அந்தச் சர்க்கரை நோய், அப்பாவின் கண்ணுக்கு ஏறியிருந்தது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். ஈப்போவில் நல்ல சட்டையோடு போனது கண் மருத்துவரிடம். பார்வை மங்கும் மருந்தை ஊற்றிவிடுவார்கள் என்பதால்தான் பஸ். லோரியை விட்டதும் அதனால்தான். அம்மாவுக்கு இது எப்போது தெரியும் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

லைசன்ஸ் எடுத்த பிறகு அம்மா சாயங்காலங்களில் எங்கள் பழைய தோட்டத்துச் சாலையில் ஓட்டிப் பழகுவார். ரப்பர் எல்லாம் போய் செம்பனை வைத்த தோட்டம். ஆள் நடமாட்டம் இருக்காது. அப்பா பக்கத்து சீட்டில். நான் பின்னால்.

"பாப்பா, முன்னால என்ன வருதுன்னு சொல்லிக்கிட்டே வா" என்பார் அப்பா. எனக்குப் பொழுது போவதற்காக அவர் கண்டுபிடித்த விளையாட்டு என்று நினைத்தேன். மோட்டார் வருது, வளைவு வருது, நாய் படுத்திருக்கு என்று சொல்லிக்கொண்டே வருவேன்.

ஒருநாள் சாலையில் ஒன்றுமே வரவில்லை. எனக்குச் சலித்துப் போயிற்று.

"மாட்டுக் கூட்டம்ப்பா! நடு ரோட்டுல!"

"பிரேக்க மிதி, பிரேக்க மிதி" என்றார் அப்பா. "ஹோன் அடிக்காத. மிரண்டுரும்."

எதிரே நேராகக் கிடந்த வெறும் சாலையை அம்மாவும் பார்த்தார். கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு பிரேக்கை மெதுவாக மிதித்துக் காடியை நிறுத்தினார்.

அப்பா முன்கண்ணாடிக்கு நெருக்கமாக முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிருச்சா?"

"இருங்க. கண்ணுக்குட்டி ஒன்னு நிக்குது" என்றார் அம்மா.

நாங்கள் காத்திருந்தோம். பனைகளுக்கு நடுவில் காற்று போனது.

"போயிருச்சுங்க. இப்ப போலாம்."

காடி நகர்ந்தது. இருவரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். சிரிக்கவில்லை. நான் சொன்ன பொய்க்கு ஒரு கன்றுக்குட்டியையும் சேர்த்துவிட்டு, என் விளையாட்டில் என்னையே இருவரும் கூட்டுச் சேர்ந்து தோற்கடித்துவிட்டார்கள் என்று வீடு வரும்வரை பின்சீட்டில் உம்மென்று உட்கார்ந்திருந்தேன்.