குறை கேட்கப் போனவள்

தெஹியோவிட்டையைச் சுற்றியுள்ள இறப்பர் தோட்டங்களில் மல்லிகா என்று என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘நகம் பாக்குற டீச்சர்’ என்றால் உடனே தெரியும். தோட்டப் பாடசாலையில் படிப்பித்த காலம் முழுக்க, காலைக் கூட்டத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, ஒவ்வொரு நகமாகப் பார்த்தவள் நான். அழுக்கு நகங்களை எல்லாம் வெட்டிவிட்டால் தோட்டம் முன்னேறிவிடும் என்று உண்மையாகவே நம்பியிருந்தேன். தோட்டம் முன்னேறவில்லை. நான் மட்டும் ஓய்வு பெற்றேன்.

ஓய்வுக்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் இல்லை. கல்யாணம் கட்டவில்லை, பஜாருக்குப் பக்கத்தில் சின்ன வீடு, அதில் நான் ஒருத்தி. அதட்டுவதற்கு யாரும் இல்லாத வீடு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில்தான் மாவனல்லையில் புடவைக்கடை வைத்திருக்கும் அப்துல் ரஸாக் ஹாஜியார் என்னைத் தேடி வந்தார். அவரும் இன்னும் சில வியாபாரிகளும் சேர்ந்து, தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்து, பார்க்க ஆளில்லாமல் கிடக்கிறவர்களுக்காக மலைச்சரிவில் ஒரு முதியோர் இல்லம் நடத்திக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய், அங்கே பராமரிப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு கொமிட்டி வேண்டுமாம்.

“கண்டிப்பான ஆள் ஒண்டு வேணும் டீச்சர்,” என்றார் ஹாஜியார்.

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அன்றைக்கே சேலைக்கு இஸ்திரி போட்டேன்.

நாங்கள் எப்போதும் காலை பத்து மணிக்கு, ஹாஜியாருடைய வேனில், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவோம். நான் முதலில் படுக்கை விரிப்பைத் தட்டிப் பார்ப்பேன். பிறகு குசினிக்குப் போய்ச் சட்டியின் அடியைத் திருப்பிப் பார்ப்பேன். பெண்கள் வார்டில் பன்னிரண்டு பேர் தலைக்கு எண்ணெய் வைத்து, சீவி, கட்டிலில் உட்கார்ந்திருப்பார்கள். பழக்கதோஷம், கையை நீட்டச் சொல்லி நகமும் பார்ப்பேன். எழுபது வயதுப் பாட்டிமார் பயந்துபோய் நீட்டுவார்கள்.

கடைசியாக, “ஏதாவது குறை இருக்கா?” என்று கேட்பேன்.

“ஒண்ணும் இல்லீங்க,” என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள், வாய்ப்பாடு ஒப்பிப்பது போல. வகுப்பே ஒரே குரலில் சொன்னால் அது சரியான விடை என்பது என் தொழில் அனுபவம். எனக்கு மனம் நிறைந்துவிடும். மேட்ரன் ஜீவராணி பிளேன்டீயும் பிஸ்கட்டும் தருவாள். குடித்துவிட்டுத் திரும்பிவிடுவோம்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. 2004ஆம் ஆண்டு, ஆவணி மாதம் என்று நினைக்கிறேன், வழக்கம்போல் போனோம். அன்று வார்டுத் தரைக்குச் சிவப்புப் பொலிஷ் பூசி, தேங்காய் மட்டையால் தேய்த்துத் தேய்த்து, குனிந்தால் முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள். நான் வாசலில் நின்று மற்றவர்களுக்கு ஒரு சிறு பிரசங்கம் செய்தேன். “பராமரிப்புன்னா என்னான்னு இந்தத் தரையைப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்,” என்று சொல்லிக்கொண்டே காலை எடுத்து வைத்தேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது கூரைத் தகரம்.

வலது காலில், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு, காலைக் கீழே ஊன்றக் கூடாது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள் என்றார்கள். எந்த வீட்டுக்கு? யார் பார்ப்பது? ஹாஜியார் தாடியைத் தடவினார். கூட வந்திருந்த ஜீவராணிதான் சொன்னாள்: “நம்ம இல்லத்துக்கே வந்துருங்க டீச்சர். ஜன்னலோரக் கட்டில் தாரேன்.”

ஜன்னலோரக் கட்டில் வெள்ளையம்மாவுடையது. இளமையில் இறப்பர் மரத்தில் பால் வெட்டப் போன மனுஷி, நல்ல உயரம், தோட்டம் முழுக்கக் கேட்கிற தொண்டை. அவளைப் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றிவிட்டுத்தான் என்னைப் படுக்க வைத்தார்கள். கொமிட்டி மெம்பர் என்றால் சும்மாவா? வெள்ளையம்மா தன் தலையணையை என் கட்டிலிலிருந்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போனாள்.

முதல் நாள் படுக்கப் போகுமுன், வழக்கப்படி இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தேன். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சுகாதாரப் பாடத்தில் எத்தனை தடவை படிப்பித்திருப்பேன்! கொஞ்ச நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தது. கக்கூஸ் வெளியே, முற்றத்தைத் தாண்டி, பாசி பிடித்த படிகளுக்குக் கீழே. ஒற்றைக் காலால் போகிற காரியமா? “கருணா! கருணாவதி!” என்று இல்லத்துப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன். பாடசாலை மைதானத்தின் அந்தக் கோடி வரை எட்டுகிற குரல் என்று எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு. தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை.

“கத்தாதீங்க டீச்சரம்மா,” என்றாள் இருட்டில் வெள்ளையம்மா. “கருணா ஆம்பளைங்க வார்டு வாசல்ல படுத்திருக்கு. அங்க ஒரு கெழவன் எந்திரிச்சு ரோட்டுக்குப் போயிருவான், அவனக் காக்கணும். தண்ணி குடிச்சீங்களா?”

“குடிச்சேன்.”

“என்னாத்துக்குக் குடிச்சீங்க? நாலு மணித் தேத்தண்ணியோட சரி, அதுக்குப் பொறகு நாங்க யாரும் குடிக்கிறதில்ல.”

பன்னிரண்டு பேரும் அப்படித்தான். நாக்கு ஒட்டிக்கொண்டாலும் விடியும் வரைக்கும் ஒரு மிடறு குடிக்க மாட்டார்கள். வெயில் நாளில் இரண்டு பேர் தலை சுற்றி விழுந்திருக்கிறார்கள். ‘வயசுதானே’ என்று நான் அனுதாபப்பட்டிருக்கிறேன்.

மறுநாளிலிருந்து நானும் நாலு மணிக்குப் பிறகு குடிப்பதில்லை. சீக்கிரம் பழகிவிட்டது. நல்ல மாணவியாக இருந்தேன் என்று சொல்லலாம்.

மற்றபடி கருணாவதியைக் குறை சொல்ல முடியாது. தெரணியகலைப் பக்கத்துச் சிங்களப் பொம்பளை. குளிக்க வார்க்கும்போது மாவுக்கட்டில் ஒரு துளி படவிடமாட்டாள். என் முதுகைத் தேய்த்துக்கொண்டே தன் புருஷனைத் திட்டுவாள், நானும் சிங்களத்தில் சேர்ந்து திட்டுவேன். ஜீவராணியும் நாள் முழுக்க நின்ற காலில் நிற்பாள். நான் சும்மா இருந்தேனா? விடிந்ததும் எல்லாரையும் எழுப்பித் தேவாரம் பாட வைத்தேன். ‘கெடக்கு’ இல்லை, ‘கிடக்கிறது’ என்று திருத்தினேன். வெள்ளையம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அப்போதுதான் அந்தச் சோடா வந்தது. ஊரில் யாரோ ஒரு புண்ணியவான், மகளின் பிறந்தநாளுக்கு இல்லத்துக்குப் பின்னேரச் சாப்பாடு கொடுத்தார். பிரியாணி, கூடவே ஆளுக்கொரு போத்தல் சோடா. எல்லாரும் ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தார்கள். நான்தான் பிரியாணி காரம் என்று என் போத்தலையும் முடித்து, பக்கத்துப் போத்தலையும் முடித்தேன். விடியுமுன் கட்டில் நனைந்துவிட்டது.

கருணாவதி வந்து விரிப்பை உருவி, என்னைத் துடைத்து, உடுப்பு மாற்றிவிட்டாள். ஜீவராணி மெத்தையை வெயிலில் வைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போல் கிடந்தேன்.

என் கெட்ட நேரம், என்னைப் பார்க்கவென்று அன்று பத்து மணிக்கு எங்கள் கொமிட்டி வந்துவிட்டது.

ஹாஜியார் கட்டிலருகே வந்து நின்றார். “எப்பிடி டீச்சர், சொகமா ஈக்கிறீங்களா? ஏதும் கொறை ஈக்கா?”

அந்தப் பக்கம் ஜீவராணி, கையில் என்னைத் துடைத்த துவாயோடு. கதவடியில் கருணாவதி, சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு. நான் வாயைத் திறந்தால் இவர்கள் பாடு என்னாகும்? நாளைக்கு என்னை யார் துடைப்பது? எல்லாவற்றையும் விட, நான் நனைத்ததை இத்தனை பேர் நடுவில் எந்தத் தமிழில் சொல்வது?

“ஒண்ணும் இல்லீங்க,” என்றேன்.

என் காதுக்கே அது வாய்ப்பாடு போல் கேட்டது.

“பொய்யி!” என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு முழக்கம். வெள்ளையம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “ஹாஜியாரய்யா, இந்த டீச்சரம்மா விடியக்குள்ள கட்டில நனைச்சிருச்சு. ராத்திரிக்கு ஒரு ஆளு இல்ல கூட்டிப் போக. எங்க எல்லாருக்கும் இதே கதிதான். இத வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, எனக்கு என் கட்டிலு வேணும்!”

அவளுக்கு வேண்டியது கட்டில். ஆனால் உண்மை எல்லாம் அதோடு சேர்ந்து கொட்டிவிட்டது. ஹாஜியார் பாவம், கூரையைப் பார்த்தார். மற்ற மெம்பர்மார் ஜன்னலைப் பார்த்தார்கள். எனக்குப் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளலாம் போலிருந்தது, மூடியும் கொண்டேன். போர்வைக்குள்ளிருந்துதான் மீதியைக் கேட்டேன்.

“ராவைக்கு ரெண்டாவது ஆள் இல்லையா?” என்று ஹாஜியார் கேட்டார்.

“கொமிட்டியில எத்தனையோ தடவை கேட்டுட்டேன் ஹாஜியார்,” என்றாள் ஜீவராணி, நிதானமாக. “பாப்போம்னாங்க. பிறகு வாசலுக்குப் பெரிய பேர்ப்பலகை வந்துச்சு.”

அந்தப் பேர்ப்பலகைக்கு எழுத்துப்பிழை பார்த்தவள் நான். ஒற்று மிகுமா மிகாதா என்று ஒரு கூட்டம் முழுக்க வாதாடினேன். இராத்திரி ஆள் பற்றி அந்தக் கூட்டத்தில் ஜீவராணி பேசியிருந்தாலும், என் குரலுக்கு மேல் அது கேட்டிருக்காது.

போர்வையை விலக்கினேன். மானம் ஏற்கெனவே போய்விட்டதால் பேசுவது சுலபமாயிருந்தது. “வெள்ளையம்மா சொல்றது எல்லாம் சரி,” என்றேன். “நான் சொன்னதுதான் பொய்.” பிறகு தண்ணீர்க் கதை முழுவதையும் சொன்னேன். மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக வாய் திறந்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில், வேறு வேறு விஷயத்தை. பயங்கர இரைச்சல். நான் அதட்டவில்லை.

அந்த மாதமே பெண்கள் வார்டுக்கு இராத்திரி ஆள் வந்தாள். ஹாஜியார் கட்டிலோரம் வைக்கிற கொமோட் நாற்காலி நாலு வாங்கி அனுப்பினார். மாவுக்கட்டைப் பிரித்ததும் நான் கெந்திக் கெந்தி வீட்டுக்குப் போனேன். நான் படியிறங்குவதற்கு முன்பே வெள்ளையம்மா ஜன்னலோரம் ஏறிப் படுத்துவிட்டாள். போய்வருகிறேன் என்றதற்குக் கையை மட்டும் ஆட்டினாள்.

பிறகும் கொமிட்டியில் இருந்தேன். பின்னேரங்களில், சொல்லாமல், பஸ்ஸில் போவேன். கட்டிலில் உட்கார்ந்து சும்மா கதைத்துக்கொண்டிருப்பேன். நகம் பார்ப்பதை விட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். கை தானாகப் போய்விடுகிறது.

இந்த 2009இல் அந்தக் கால் மறுபடி மக்கர் பண்ணத் தொடங்கியது. தனியாகச் சமாளிக்க முடியவில்லை. வெட்கத்தை விட்டு ஜீவராணிக்குப் போன் எடுத்து, “எனக்கு ஒரு கட்டில் கிடைக்குமா?” என்று கேட்டேன்.

“கட்டில் இருக்கு டீச்சர். ஆனா இப்ப புது ஆள் எடுக்கிறதுன்னா வார்டுல கேட்டுத்தான் எடுக்கிறோம். கேட்டுச் சொல்றேன்.”

மூன்று நாள் பதில் வரவில்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருந்த பிள்ளைகள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது. நாலாவது நாள் ஜீவராணி போன் எடுத்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிறாள் என்று விளங்கியது.

“வரலாமாம் டீச்சர். விடியக்காலையில தேவாரம் வேணாமாம். பேசுறதத் திருத்தக் கூடாதாம். முதல்ல ஒரு மாசம் வச்சுப் பாக்கட்டும், சரி வந்தா இருக்கட்டும்னு வெள்ளையம்மா சொன்னாங்க.”

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். திருத்தாமல் ஒரு மாசமா? என்னால் முடியுமா? அன்று பின்னேரமே பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டேன்.