மூன்றாவது லென்ஸின் ஓரம்

வயிறு எரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இதற்கு நாகரிகமான வார்த்தை தேடினால் பொய்யாகிவிடும்.

தாம்பரத்திலிருந்து திருநீர்மலை போகும் வழியில் எங்கள் ஆபீஸ். தொலைநோக்கிகளுக்கு லென்ஸ் வடிவமைக்கிறோம். அப்போது கையில் இருந்தது, வானத்தின் அகலமான பகுதியை ஒரே படத்தில் பிடிக்கும் தொலைநோக்கி. இந்த வேலையில், படத்தின் நடுவில் விழும் நட்சத்திரம் சமர்த்து, புள்ளியாக நிற்கும். ஓரத்தில் விழுவதுதான் பேஜார். வால் முளைத்து இழுபடும். ஐந்து லென்ஸ் போட்டு எட்டு மாதம் மல்லுக்கட்டியும் என் டிசைனில் மூலை நட்சத்திரங்களுக்கு வால் போகவில்லை.

கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வரும் பெண் ஒருத்தி. சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதே தொலைநோக்கிக்கு நான்கே லென்ஸில் மூலை வரை உருண்டைப் புள்ளிகளைக் கொண்டுவந்துவிட்டாள். மேனேஜர் அவள் திரையைப் பார்த்துவிட்டு என்னிடம், "மேடம், வெள்ளிக்கிழமை மீட்டிங்ல இதையே ஃபைனல் பண்ணிடலாமா?" என்றார். "பண்ணலாம் சார்" என்று சிரித்தேன். அன்றைக்குத் தயிர்சாதம்கூட இறங்கவில்லை.

பத்து நாள் முன்பே அவள் அந்த டிசைனைப் பார்த்துச் சொல்லச் சொல்லி எனக்கு மெயில் அனுப்பியிருந்தாள். நான் திறக்கவே இல்லை. இப்போது திறந்தேன், தப்புக் கண்டுபிடிக்க. என்ன எழுதியிருக்கிறாள் என்றுகூடப் படிக்காமல் நேராக அதோடு வந்த ஃபைலுக்குப் போனேன்.

கிடைத்தது. மூன்றாவது லென்ஸின் இரண்டு வளைவுகளும் ஓரத்துக்கு வரும் முன்பே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. அதாவது ஓரத்தில் கண்ணாடியின் கனம் பூஜ்யத்துக்கும் கீழே. கம்ப்யூட்டர் அதற்கெல்லாம் கவலைப்படாது, ஒளியை அதன் வழியே விட்டுவிடும். பட்டறையில் அப்படி ஒரு லென்ஸைத் தேய்க்க யாராலும் முடியாது. அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொண்டேன். அன்று நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன்.

மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் நிதானமாக, "மூணாவது லென்ஸோட ஓரத்தைப் பாத்தியாம்மா? அதைச் செய்யவே முடியாதே" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா, மெயில் பாத்துட்டீங்களா! அதைத்தானே கேட்டிருந்தேன், அந்த ஓரம் இடிக்குது, எப்படிச் சரி பண்றதுன்னு. நீங்க பிஸின்னு நெனச்சேன். போன வாரம் நானே கனத்தை ஏத்தி மறுபடியும் ஓட்டிட்டேன். இதோ, இதுதான் புதுசு."

திரையில் மூன்றாவது லென்ஸ் ஓரம் தடித்து நின்றது. மூலைப் புள்ளிகள் முன்பைவிட உருண்டையாக இருந்தன. நான் தண்ணீர் பாட்டிலை எடுத்து மெதுவாகக் குடித்தேன்.

"அக்காதான் செக் பண்ணணும்னு போட்டிருக்கேன்" என்று வரைபடத்தை நீட்டினாள். கீழே சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் என் பெயர்.

மதியம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். என் சொந்த டிசைனைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. ஒரு தப்பாவது கிடைக்காதா என்றுதான் தேடினேன். கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.