ஏழு கிலோவுக்குக் குறைந்தவர்கள்

மீன்குஞ்சுப் பொரிப்பகத்தின் மேலாளருக்கு எதுவும் பெரிதாக இருக்க வேண்டும். காலி அலமாரிக்குக்கூட உள்ளங்கை அகலத்தில் பூட்டு. பெண்டாட்டியின் அண்ணன் ஆள் குள்ளம் என்பதற்காகவே பத்து வருஷமாக அவரை ஒரு பொருட்டாக மதித்ததில்லை.

இந்தப் பருவத்தில் கொடுவா மீன் குஞ்சு பொரிக்காவிட்டால் ஐஸ் ஆலைக்குத் தூக்கியடிப்பதாக இயக்குநர் சொல்லிவிட்டார். மேலாளர் யோசித்தார். அதுதான் வினை.

"பெரிய மீன் இருக்கிற தொட்டியில இந்த நண்டுசிண்டுக்கெல்லாம் என்ன வேலை? ஏழு கிலோவுக்குக் குறைஞ்சதெல்லாம் வெளியே!"

தீனி போடும் அம்மாள் வாளியைக் கீழே வைத்தாள்.

"சார், கொடுவா முதல்ல ஆணாத்தான் இருக்கும். நாலஞ்சு வருஷம் போய்ப் பெருத்த பிறகுதான் பொண்ணா மாறும். ஆத்து முகத்துவாரத்துல வலை போடற எங்கப்பாவைக் கேட்டுப் பாருங்க."

"மாறுமா? சட்டையா மாத்திக்க? நான் படிச்சவன்மா."

"படிச்சீங்க சார். அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டலை போல."

பதினாறு சின்ன மீன்களும் வெளியேறின. அன்று பார்வையிட வந்த இயக்குநருக்கு மதிய விருந்தாயின. "இளசு! தேவாமிர்தம்யா" என்று வால் துண்டைக் கேட்டு வாங்கினார் அவர்.

அமாவாசையை ஒட்டி, முட்டையிடத் தூண்டும் ஊசி போட்டார்கள். மிச்சமிருந்த பெரிய மீன்கள் ஒரு குறையும் வைக்கவில்லை, லட்சக்கணக்கில் முட்டையிட்டன. பூரித்துப்போன மேலாளர் விடிந்ததும் இயக்குநரை வரவழைத்தார். கரு பிடித்த முட்டை மிதக்கும், வெறும் முட்டை மூழ்கும். தொட்டியின் மேல்தண்ணீர் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. அடியில் ரவை மூட்டை கவிழ்ந்த மாதிரி வெள்ளைப் படிவு.

"அத்தனையும் பொண்ணா? ஆணுங்க எங்கய்யா?"

மேலாளர் தொட்டிக்குள் குனிந்து தேடினார். தீனிக்காரம்மாள் தேடவில்லை.

"போன வாரம் மேஜையில வச்சோமே சார். நீங்ககூட வால் பக்கம் கேட்டீங்களே."

இயக்குநர் தொண்டையைச் செருமினார். வெகுநேரம் செருமினார்.

இயக்குநர் எழுதிய அறிக்கையில் காரணம், 'மேலாளரின் கவனக்குறைவால் தொட்டி நீரில் உப்புக் குறைந்தது' என்று ஏறியது. அந்தத் தண்ணீரில் உப்பு ஒரு சிட்டிகைகூடக் குறையவில்லை. மேலாளருக்கு அது தெரியும். மறுத்து எழுதக் காகிதமும் எடுத்தார். ஆனால் மறுத்தால் உண்மையை எழுத வேண்டுமே? பேசாமல் ஐஸ் ஆலைக்குக் கிளம்பினார்.