கொதிக்கும் ரேடியேட்டரும் ஒரு கேன் தண்ணீரும்

வெர்னாவின் தாடை இடப்பக்கம் கோணியிருக்கும். புருஷன் மண்வெட்டிப் பிடியால் போட்ட போடு. யாராவது கேட்டால், "அவனுக்கு என்னாச்சுன்னு ஒருத்தரும் கேக்குறதில்ல பாரு," என்பாள். அதற்காக அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் அவளுக்கு ஆறாத எரிச்சல். அவன் செத்த பிறகு, தெற்கு ஆஸ்திரேலியாவில் ஓப்பல் என்கிற ரத்தினக்கல் கிடைக்கும் பொட்டல் காட்டில் தனியாகக் குழி தோண்டி, தானே வெடி வைத்து, தானே மண்ணள்ளி வயிறு கழுவுகிறவள்.

அந்தத் தாடையைப் பார்த்தே வளர்ந்த மகள் கேலீன், அப்படியும் போய் அதே மாதிரி கைநீட்டுகிற ரஸ்ஸைக் கட்டிக்கொண்டாள். என்னத்தைச் சொல்ல. விலா எலும்பு விரிசல் விடுகிற அளவுக்கு அவன் உதைத்த அன்று, நடந்தே அம்மாவிடம் வந்து விழுந்தாள்.

வெர்னாவிடம் ஒரு பழைய ஹோல்டன் இருந்தது, அறுபத்து நாலாம் வருஷத்து வண்டி. அதில் மகளை ஏற்றி அடிலெய்டு நகரத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டில் விட்டுவிட நினைத்தாள். கிளம்புவதற்குள் ரஸ் வந்து, இன்ஜின் சூட்டைத் தணிக்கிற தண்ணீர்த்தொட்டியான ரேடியேட்டரைக் கடப்பாரையால் குத்திக் கிழித்துவிட்டான்.

"இப்பப் போ பாப்போம். பசிச்சா தானா வீட்டுக்கு வருவா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தக் காட்டில் ஒருத்தன் பெண்டாட்டியை இன்னொருத்தன் தன் வண்டியில் ஏற்றமாட்டான். அதை ஏதோ மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், தூ.

பக்கத்துக் குழிக்காரன் ஸ்டோயானின் இடத்தில் அதே மாதிரி ஹோல்டன் ஒன்று செத்துக் கிடந்தது. அவன் டவுனில் இருந்தான். பேசாமல் போய் அதன் ரேடியேட்டரைக் கழற்றி வந்திருக்கலாம். ஆனால் ஓப்பல் காட்டில் அடுத்தவன் எல்லைக்குள் ஒரு திருகாணியைத் தொட்டாலும் திருட்டுதான். அப்படித் தொட்ட ஒருத்தனின் விரல்களை வெர்னாவே ஸ்பேனரால் நொறுக்கியிருக்கிறாள். அதனால் குழிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோவில் அவனைக் கூப்பிட்டு அனுமதி கேட்டாள். "எடுத்துக்க வெர்னா, எனக்கெதுக்கு அது," என்றான் ஸ்டோயான். அந்த ரேடியோவை ஊரே கேட்கும். ரஸ்ஸும் கேட்டான்.

ரேடியேட்டரைத் தோளில் சுமந்து வந்து பொருத்தினாள். ஃபேன் இறக்கை உரசியது. பழைய டயர் டியூபை வெட்டி அடியில் மெத்தை கொடுத்தாள். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளிப். லாரிக்காரனிடம் வாங்கிவைத்திருந்த தண்ணீரை ஊற்றி, மூடியை இறுக்கி, இன்ஜினை நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டாள். ஒரு கிளிப்பில் மட்டும் கசிவு. அதை முறுக்குவதற்காக இன்ஜினை நிறுத்தினாள். கையில் மிச்சம் ஒரே ஒரு கேன் தண்ணீர், வழிக்கு.

அப்போதுதான் ரஸ்ஸின் வண்டி வந்து நின்றது.

வந்தவன் நேராக ஹோல்டனின் கதவைத் திறந்தான். முன்சீட்டில் இருந்த கேலீனை முடியைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டு, விரிசல் விட்ட விலாவிலேயே மிதித்தான். வெர்னா ஸ்பேனரால் அவன் தோளில் ஓங்கி அடித்தாள். அவன் திரும்பி முழங்கையை அவள் வாயில் இறக்கினான். பல் ஒன்று நாக்கில் வந்து விழுந்தது.

"கெழட்டு முண்ட, வண்டியா பூட்டுற? இந்தா, இதக் குடிக்கட்டும் உன் வண்டி," என்று இரண்டு கை நிறைய மணலை அள்ளினான். திருடன் வண்டிக்குச் செய்கிற தண்டனை அது, ரேடியேட்டரில் மணலைக் கொட்டுவது. அந்த வெயிலில் எந்த இரும்பும்தான் சுடும். சூடு வெயிலால்தான், இன்ஜினை இன்னும் ஓடவிட்டே பார்க்கவில்லை என்று நினைத்துவிட்டான். மணலை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, சட்டை நுனியால் மூடியைப் பிடித்துக் குனிந்தான்.

உள்ளே கொதிக்கிறது என்று வெர்னா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாயில் ரத்தத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள். நானாக இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

மூடி பறந்தது. கொதிநீர் அவன் முகத்திலும் கழுத்திலும் அடித்தது. வெட்டுப்பட்ட ஆடு மாதிரிக் கத்திக்கொண்டு புரண்டான். கன்னத்துத் தோல் அவன் உள்ளங்கையோடு வந்துவிட்டது.

ரேடியேட்டர் காலி. கேலீன் விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து அந்தக் கேனை எடுத்தாள்.

"வண்டில ஊத்துடி. கேலீன், வண்டில ஊத்து," என்றாள் வெர்னா.

கேலீன் காதில் வாங்கவில்லை. அவன் பக்கத்தில் குந்தி, கடைசிச் சொட்டுவரை அவன் முகத்தில் ஊற்றினாள். வெர்னா ஸ்பேனரைத் தரையில் வீசினாள். எல்லாம் போயிற்று. அடித்தவனுக்கே ஒத்தடம் கொடுத்துக்கொண்டு இவளும் இங்கேயே கிடப்பாள், தாடை கோணி, தன்னைப்போலவே.

கேலீன் காலிக் கேனைக் கீழே வைத்தாள். அவன் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு, அவனுடைய வண்டிச் சாவியை உருவினாள்.

"எந்திரிம்மா. போற வழியில ஆஸ்பத்திரில சொல்லிட்டுப் போவோம், வந்து அள்ளிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, நொண்டி நொண்டிப் போய் அவன் வண்டியின் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.