கேண்டீன் மாஸ்டரின் சுத்தம்

கேண்டீன் மாஸ்டர் துரை ஒரு நாள்கூட லீவு போட்டதில்லையாம். யார் வீட்டுக்கு வந்தாலும், அவர்கள் உட்காருவதற்குள் இதைச் சொல்லிவிடுவார். கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்குக் காது புளித்துப்போனது.

சுத்தத்திலும் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பு. சட்டைப் பையில் ஒரு குட்டி ஜெல் பாட்டில். அதில் ரெண்டு சொட்டு விட்டு, பெரிய சர்ஜன் மாதிரி விரல்களைத் தேய்த்துக்கொள்வார். சோப்பு என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. அந்த அலட்டலைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் அவருக்கு வாந்தியும் பேதியும் பின்னியெடுத்தன. டாக்டர் தெளிவாகச் சொன்னார்: "இது ஒட்டிக்கிற கிருமி. நின்ன பிறகும் ரெண்டு நாள் சமையல்கட்டுப் பக்கமே போகாதீங்க. இதுக்கு ஜெல் பத்தாது, சோப்புப் போட்டுக் கழுவுங்க."

"அவருக்கென்ன தெரியும், நேத்துப் பொறந்த பையன்!" என்று மறுநாளே வேலைக்குப் போனார் துரை. வெறுங்கையால் பழம் நறுக்கிப் போட்டார். அடுத்த நாள் பாதி ஆபீஸ் கழிப்பறை வாசலில் வரிசையில் நின்றது. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "தண்ணி சரியில்ல" என்றார், கூச்சமே இல்லாமல். இந்த ஜென்மத்தோடுதான் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினோமா என்றிருந்தது அவளுக்கு.

அன்றைக்கென்று மகள் கைக்குழந்தையோடு முதல் தடவையாக வருகிறாள். வராதே என்று சொல்ல ஃபோன் செய்தால், ரயில் பாதி வழி தாண்டியிருந்தது. பேத்தியைத் தூக்க அவள் நாலு மாதமாகத் தவம் கிடந்தவள். வீடு முழுக்க ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்தாள். அவரைப் பின்னறையில் இருக்கச் சொன்னாள்.

இருப்பாரா? ஆட்டோ நின்றதும் கழிப்பறையிலிருந்து நேராக வாசலுக்கு ஓடினார். "எங்க என் தங்கக்கட்டி?"

"அப்பா, கை கழுவினீங்களா?" என்றாள் மகள்.

"கழுவாமலா? சோப்புப் போட்டுக் கழுவினேன்மா."

குழாய் திறந்த சத்தமே கேட்கவில்லை. சோப்பு காய்ந்து கிடந்ததை அவர் மனைவி சற்று முன்புதான் பார்த்திருந்தாள். அவர் கையைத் தட்டிவிட்டுக் குறுக்கே நின்றாள். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. அவர் வாந்தியை அள்ளிய தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இறங்காதம்மா. உன் நாத்தனார் வீட்டுக்குப் போ. இந்த வீட்டுல இந்த மனுஷன் இருக்காரு." ஆட்டோக்காரர் பக்கம் திரும்பினாள். "தம்பி, வண்டியத் திருப்புப்பா."